குளிரில் அடம்பிடிக்கும் டீசல் கார்: கிளோ பிளக் வாங்கும் முன்

தம்பி, முதல் குளிர்காலம், பழைய டீசல் கார், காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, நாலு கிளோ பிளக்கையும் (ஸ்டார்ட் ஆக உதவ சிலிண்டருக்குள் சூடேற்றும் மின் பிளக்) மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெயில் ஊரிலேயே வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்புதான். ஆனால் அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

முதலில் வெளியே எத்தனை டிகிரி என்று பாருங்கள். நல்ல நிலையில் உள்ள காமன் ரெயில் எஞ்சின் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை), 5 டிகிரிக்கு மேல் இருந்தால் கிளோ பிளக் உதவி இல்லாமலே பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். 10 டிகிரியிலேயே இழுத்தடிக்கிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

அடுத்தது செல்ஃப் சத்தம். எஞ்சின் மந்தமாகச் சுற்றினால் பேட்டரியைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. டீசல் தன் அழுத்தத்தில் பிறக்கும் சூட்டில்தான் பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும்.

வேகமாகச் சுற்றியும் பற்றவில்லையா? ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் சைலன்சரைப் பாருங்கள். எனக்கு இதைவிட நம்பிக்கையான சோதனை கிடையாது. எரியாத டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால், எரிபொருள் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம்: கிளோ பிளக், இல்லாவிட்டால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது) குறைவு. புகையே இல்லை என்றால் டீசலே போய்ச் சேரவில்லை. குழாயில் காற்று புகுந்திருக்கலாம், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயில் அதிகம் கசிந்து ரெயில் (அந்த உயர் அழுத்தக் குழாய்) அழுத்தம் ஏறாமல் இருக்கலாம், குளிரில் டீசல் மெழுகு கட்டி ஃபில்டரை அடைத்திருக்கலாம். இதற்கெல்லாம் கிளோ பிளக் மாற்றி ஒரு பயனும் இல்லை.

வெள்ளைப் புகை வந்து, ஸ்டார்ட் ஆன பிறகு அரை நிமிடம் எஞ்சின் உதறுகிறது என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். டாஷ்போர்டில் கிளோ பிளக்குக்கான சுருள் வடிவ விளக்கு எரிந்து அணைவதை நம்ப வேண்டாம். பல வண்டிகளில் அது எஞ்சின் சூட்டை வைத்துக் கணக்கிட்ட நேரம் மட்டுமே. பிளக் சூடானதற்குச் சாட்சி இல்லை.

எஞ்சின் ஆறியிருக்கும்போது பிளக்கின் தலையிலுள்ள ஒயரைக் கழற்றுங்கள். மீட்டரை 200 ஓம்ஸில் வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3 என்று காட்டினால் அதைப் பிறகு கழிக்க வேண்டும். இவ்வளவு சின்ன அளவில் அதுவே பெரிய பிழை. பிறகு ஒரு முனை பிளக் தலையில், மற்றது எஞ்சின் உலோகத்தில். சாதாரண உலோக பிளக் 0.5 முதல் 2 ஓம் வரை காட்டும். மீட்டர் எண்ணே காட்டாவிட்டால் பிளக் செத்துவிட்டது. மூன்று ஒரே மாதிரி காட்டி ஒன்று மட்டும் விலகினால் அதையும் சந்தேகப்படுங்கள். நாலும் நன்றாக இருந்தால் ஃபியூஸ், ரிலே, ஒயர் முனைத் துரு என்று தேடுங்கள். பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும் பழைய வழக்கம் வேண்டாம்: புது வண்டிகளின் பிளக்குகள் 4.4 அல்லது 7 வோல்ட்டுக்குச் செய்தவை, எரிந்துபோகும்.

கழற்றுவதுதான் ஆபத்தான கட்டம். கரி பிடித்த பிளக் உள்ளேயே முறிந்தால் சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு, எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) திருப்புங்கள். எம்8 (8 மி.மீ. மரை) பிளக்குக்கு 20 நியூட்டன் மீட்டர் வரை, எம்10-க்கு 35 வரை. அதற்கும் அசையாவிட்டால் நிறுத்திவிட்டு அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். புதியதை முடுக்கும்போது எம்8-க்கு 10, எம்10-க்கு 15 போதும்.

எது எப்படியானாலும் ஈதர் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். சூடான கிளோ பிளக் முனையில் அது நேரம் தவறிப் பற்றி பிஸ்டனை உடைத்துவிடும்.