பட்டறை அண்ணாச்சி பதில்கள்: பழைய ஜீப்பில் படுக்க ஒரு இடம்

அண்ணாச்சி, தோட்டத்து வேலைக்காக அப்பா வாங்கிய 1994 மாடல் மகேந்திரா எம்.எம். 540 ஜீப் வீட்டில் நிற்கிறது. ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது. லீவு விட்டால் நானும் மனைவியும் எட்டு வயது மகனும் கடற்கரை, மலையடிவாரம் என்று போய் வண்டியிலேயே தங்கிவர ஆசை. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. கட்டில், சமையல் மேடை, சோலார், மேலே கேரியர் எல்லாம் சேர்த்து ஒரு கடையில் நாலு லட்சம் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
— ஓர் ஆசிரியர், வள்ளியூர்

அடியிலிருந்து தொடங்குங்கள் சார். ஒன்றரை லட்சத்தில் ஒரு லட்சத்தை வண்டிக்கு அடியில் போடுவதற்கென்றே எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்தில் படுக்கை, படுதா, விளக்கு எல்லாம் முடிந்துவிடும். கட்டில் கோணலாக இருந்தால் காலையில் முதுகு வலிக்கும், அவ்வளவுதான். மலை இறக்கத்தில் பிரேக் பெடல் தரையோடு போய் ஒட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, நீளவாக்கில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று சொல்லும். துரு தின்ற இடம் ‘தொப்’ என்று அமுங்கிப் பேசும். பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கிற தாங்கிகளுக்குப் பக்கத்தில் சேறு போய் அடைந்துகொள்ளும், அங்கே இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டுங்கள். உவரி, இடிந்தகரைப் பக்கம் ஓடிய வண்டி என்றால் பெயின்ட் பளபளப்பை நம்பவே கூடாது. உப்புக்காற்று உள்ளிருந்து தின்றுகொண்டு வரும்.

அடுத்தது முன் சக்கரம். ஜாக்கியில் தூக்கி, டயரின் தலையையும் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் வீல் பேரிங்கோ, சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சான கிங் பின்னின் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். அப்போதும் ஆடினால் கிங் பின்தான். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் பேய் பிடித்ததுபோல் உதறுவது பெரும்பாலும் இதனால்தான். அதற்கு உதறலை அமுக்குகிற ஸ்டியரிங் டேம்பர் போட்டு மூடி மறைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டம் உள்ளேயே இருக்கும், உங்களுக்குத் தெரியாமல் போகும்.

வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் மூட்டு எல்லாம் எப்போது மாற்றியது என்று தெரியவில்லையா? மாற்றிவிடுங்கள். ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுக்கச் சொல்லுங்கள். முன் ஹப்பைத் திறந்தால் கிரீஸ் கறுத்து, சோப்பு மாதிரி கட்டியாகியிருக்கும். வழித்துக் கழுவிப் புதிதாக அடையுங்கள். நாலு சக்கரமும் இழுக்கிறதா என்பதை மண்ணில் பாருங்கள், தார் ரோட்டில் வேண்டாம். இந்த ஜீப்பில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே, வேக வித்தியாசத்தைச் சமாளிக்கிற டிஃபரன்ஷியல் கிடையாது. பிடிப்புள்ள ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திரும்பினால் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

சரி, இனி படுக்கை. பாடியை வெட்டாதீர்கள், சீட்டைக் கழற்றி எறியாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. ஆர்.சி.யில் இருக்கைக் கணக்கு ஒன்றாகவும் வண்டியில் வேறாகவும் இருந்தால் செக்கிங்கிலும் தொல்லை, இன்சூரன்ஸ் கேட்கிற அன்றும் தொல்லை.

அது ஒன்றும் நஷ்டமில்லை. உங்கள் ஜீப்பில் பின்னால் இரண்டு பக்கமும் நீளவாக்கில் பெஞ்சு சீட் இருக்கிறதல்லவா, அதுதான் கட்டிலுக்குக் கால். குறுக்கே 12 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்டை மூன்று துண்டாகப் போட்டால் மேடை வந்துவிடும். அடியில் ஒரு அங்குலச் சதுரப் பைப்பில் சட்டம் கொடுத்தால் வளையாது. பகலில் மூன்று பலகையையும் அடுக்கிக் கயிற்றால் கட்டிவிட்டால் வண்டி பழையபடி ஜீப். ஆசாரி 18 மி.மீ. போடச் சொல்வார், கேட்காதீர்கள். எட்டுக்கு நாலு ஷீட் 12 மி.மீ.யில் இருபது கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும், 18-இல் முப்பதைத் தாண்டிவிடும்.

நீளத்தை டேப் வைத்துப் பாருங்கள். பின் டோரிலிருந்து முன் சீட் முதுகு வரை நாலடி தேறினால் பெரிது. டோரைச் சங்கிலியில் இறக்கி, மடக்குக் கால் வைத்த இன்னொரு பலகையை அதன்மேல் நிறுத்தி நீட்டிக்கொள்ள வேண்டும். லாரிக்குப் படுதா தைக்கிறவர்களிடம் அளவு கொடுத்தால் நீட்டிய இடத்தையும் மூடுகிற மாதிரி, கொசுவலை ஜன்னல் வைத்துத் தைத்துக் கொடுப்பார்கள். அப்படியும் மூன்று பேருக்கு இடம் காணாது. அம்மாவும் பிள்ளையும் உள்ளே, நீங்கள் வெளியே தார்ப்பாய்ப் பந்தலின் கீழ் மடக்குக் கட்டிலில். கோடையில் கொடுத்துவைத்தவர் நீங்கள்தான்.

இன்னொன்று. லடாக்குக்குப் போகிறவர்கள் வீடியோவில் வண்டிக்குள் ஃபோம் ஒட்டுவதைப் பார்த்து இங்கே ஒட்டாதீர்கள். அது குளிருக்குச் செய்வது. நமக்கு எதிரி வெயில். கூரைக்கு மேலே நாலு விரல் இடைவெளி விட்டு வெள்ளைத் துணியோ படுதாவோ இழுத்துக் கட்டுங்கள். நடுவே காற்று ஓடும், சூடு கீழே இறங்காது. மெத்தையும் வேண்டாம். பத்தமடைக்குப் போய் ஒரு கோரைப் பாய் வாங்கி அளவுக்கு வெட்டி ஓரம் அடித்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குக் கொடுக்கிற பட்டுப் பாய் இல்லை, சாதாரணப் பாய். ரெக்ஸின் மெத்தையில் வேர்த்து வழிவதற்கு அது எவ்வளவோ மேல்.

மேலே கேரியர் வேண்டவே வேண்டாம். நீளம் குறைந்த, ஒடுக்கமான வண்டி, தலையில் பாரம் ஏற்றினால் சரிவில் கவிழப் பார்க்கும். தண்ணீர்க் கேன்களைப் பலகைக்கு அடியில், பின் ஆக்ஸிலுக்கு முன்னால் தரையோடு வையுங்கள். இருபது லிட்டர் கேன் இரண்டு என்றால் நாற்பது கிலோ. தாமிரபரணிக் கரைப் பக்கம் ஒரு கேன் போதும். கடற்கரைக்கும், செம்மணல் மேடான தேரிக்கும் இரண்டும் வேண்டும். எல்லாம் ஏற்றி, மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு எடைமேடையில் ஏறிப் பாருங்கள். சமையல் மேடை எதற்கு என்று அப்புறம் உங்களுக்கே கேட்கத் தோன்றும்.

சோலார், லித்தியம் பேட்டரி, ஃபிரிட்ஜ் எல்லாம் இல்லாமல் இரண்டு ராத்திரி சமாளிக்க முடியுமா?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

கணக்குப் போடுவோம் தம்பி. லாரி டிரைவர்கள் மாட்டுகிற 12 வோல்ட் ஃபேன் 20 வாட் என்று வையுங்கள். பத்து மணி நேரத்துக்கு 200 வாட் ஹவர். எல்.இ.டி. விளக்கும் போனும் சேர்த்து இன்னொரு 50. ஆக ஒரு ராத்திரிக்கு 250. 12.8 வோல்ட், 50 ஆம்பியர் லித்தியம் பேட்டரியில் 640 இருக்கும். இரண்டு ராத்திரி வந்துவிடும். சோலார் எதற்கு? காசு இன்னும் குறைவு என்றால் சாதா பேட்டரி வாங்கலாம், ஆனால் அதில் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும்.

லித்தியத்தை ஆல்டர்னேட்டரில் நேராக முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். கொடுத்த கரண்டையெல்லாம் அது இழுக்கும், பழைய வண்டியின் சின்ன ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகிவிடும். நடுவே கரண்டை அளவாகக் கொடுக்கிற ஒரு டி.சி. டு டி.சி. சார்ஜர் வையுங்கள். இல்லையா, வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு போங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம். வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வண்டிக்குள் வைக்கிறவர்கள் உண்டு. சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வரும். தூங்குகிற இடத்தில் அதை வைக்கக் கூடாது.

ஃபிரிட்ஜுக்குப் பதில் மீன் வியாபாரிகளிடம் இருக்கிற தெர்மோகோல் பெட்டியைப் பாருங்கள். ஐஸ் கம்பெனியில் பார் ஐஸாகக் கேளுங்கள். உடைத்த ஐஸ் சீக்கிரம் கரைந்துவிடும்.

அண்ணாச்சி, ராத்திரி புழுக்கம் தாங்காது, இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்கலாம் என்கிறார் எங்கள் வீட்டுக்காரர். மாஞ்சோலைப் பக்கம் காட்டுக்குள் நிறுத்திப் படுக்கலாம் என்றும் சொல்கிறார். நீங்களே சொல்லுங்கள்.
— இல்லத்தரசி, விக்கிரமசிங்கபுரம்

இரண்டுக்கும் கூடாது என்றே சொல்லுங்கள் அம்மா, நான் சொன்னதாகவே சொல்லுங்கள். சைலன்ஸரில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் போதும், நிற்கிற வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு ஏறிவிடும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில், நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த இதே வாயுதான் காரணம். அடுப்பும் அப்படித்தான். சிலிண்டரோ பம்ப் ஸ்டவ்வோ, வெளியே இறக்கி வைத்துத்தான் சமைக்க வேண்டும். மழை பெய்தால் அன்றைக்கு அவலும் பழமும்.

மாஞ்சோலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது, 1988-இல் வந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் செக்போஸ்ட்டையே தாண்ட முடியாது. காட்டுக்குள் வண்டியை நிறுத்திப் படுப்பது குற்றம். மலையைப் பார்த்துக்கொண்டு தூங்க வேண்டுமென்றால் கீழே அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தெரிந்தவர் தோப்பில் கேளுங்கள். தென்னை மரத்துக்கு அடியில் மட்டும் நிறுத்த வேண்டாம்.

தேரியில் வண்டி புதைந்துவிடுகிறது. பெரிய டயர் போடலாமா?
— திசையன்விளை வாசகர்

டயரை மாற்றும் முன் காற்றை இறக்கிப் பாருங்கள். முப்பது பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் பதினெட்டுக்குக் கொண்டுவாருங்கள். டயர் படர்ந்து மணலின் மேலேயே மிதக்கும். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற லோ ரேஞ்சில் இரண்டாவது கியர், ஒரே சீரான ஆக்சிலேட்டர். நிறுத்த வேண்டுமென்றால் பிரேக் அடிக்காமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள், முடிந்தால் இறக்கத்தில். சக்கரம் சுற்ற ஆரம்பித்த உடனே காலை எடுத்துவிடுங்கள், சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். மண்வெட்டியால் முன்னால் மணலைத் தள்ளிச் சாக்கையோ பலகையையோ கொடுங்கள். அங்கே கைக்கு எட்டுவது பனை மட்டைதான், ஆனால் ரம்பம்போல் இருக்கிற ஓரக் கருக்கோடு போடாதீர்கள், காற்று குறைந்த டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். ஆனி, ஆடிக் காற்றில் போன வாரம் போன தடம் இந்த வாரம் இருக்காது. தார் ரோட்டுக்கு ஏறுமுன் காற்றடிக்க ஒரு பம்ப் வண்டியில் இருக்கட்டும்.

அரசு ஏலத்தில் பழைய ஜீப் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்களே, எடுக்கலாமா?
— நாங்குநேரி வாசகர்

முன்பு எடுத்தார்கள். 2023 ஏப்ரல் 1-லிருந்து பதினைந்து ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளுக்கு ஆர்.சி. புதுப்பிப்பதில்லை, அவை உடைப்புக்குத்தான் போகின்றன. தனியார் பெயரில் ஓடிய வண்டிக்கு அந்தத் தடை இல்லை. எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். யாராவது ‘கவர்ன்மென்ட் வண்டி, கம்மி ஓட்டம்’ என்று சொன்னால் முதலில் ஆர்.சி.யைக் காட்டச் சொல்லுங்கள்.