'ஏ'யா, 'தி'யா, ஒன்றுமே வேண்டாமா?

கேள்வி: ஆங்கிலத்தில் 'தி' (the) எங்கே போடுவது என்பது பிடிபடவே இல்லை. தமிழில் இப்படி ஒன்று கிடையாதே?

பதில்: உண்டு, வேறு இடத்தில் இருக்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் கேட்பவருக்கும் எதுவென்று தெரிந்த புத்தகம். இந்த வேறுபாட்டைக் காட்டுவது இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ'. முன்னது 'ஐ பாட் ஏ புக்', பின்னது 'ஐ பாட் தி புக்'. தடுமாறும்போது வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஒரு' இல்லாமல் 'ஐ' தானாக வந்து ஒட்டினால் பெரும்பாலும் 'தி'தான்.

ஆட்களைக் குறிக்கும் சொல்லில் இந்தச் சோதனை செல்லாது. 'டாக்டரைப் பார்த்தேன்' என்பதில் 'ஐ' கட்டாயம், ஆனால் அது எந்த டாக்டராகவும் இருக்கலாம். எழுவாய்க்கும் உதவாது. அங்கே பாட்டி கதையை நினைத்துக்கொள்ளுங்கள்: 'ஓர் ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு...' முதல் ராஜா 'ஏ கிங்', அடுத்த வரியில் 'தி கிங்'.

கேள்வி: 'ஏ எம்.எல்.ஏ.' என்று எழுதினேன், அடித்துவிட்டார்கள். 'எம்' உயிரெழுத்து இல்லையே?

பதில்: எழுத்தை விடுங்கள், ஒலியைக் கேளுங்கள். 'எம்' என்று சொல்லத் தொடங்கும்போது வருவது 'எ' ஒலி. உயிரொலிக்கு முன் 'ஏ' போய் 'ஆன்' வரும். ஆகவே 'ஆன் எம்.எல்.ஏ.', 'ஆன் எஃப்.ஐ.ஆர்.', 'ஆன் எஸ்.எம்.எஸ்.' பேச்சில் நாம் 'யெம்மெல்லே' என்று யகரம் சேர்த்துவிடுவதால் காது ஏமாறுகிறது. பெயரே உயிரொலியில் தொடங்கும் ஆங்கில எழுத்துகள் 12: ஏ, இ, எஃப், எச், ஐ, எல், எம், என், ஓ, ஆர், எஸ், எக்ஸ். 'யு' இதில் சேராது, 'ஏ யு.பி.ஐ. பேமென்ட்', 'ஏ யுனிவர்சிட்டி' என்பவையே சரி. 'ஒரு வீடு, ஓர் ஊர்' என்று எழுதப் பழகியவருக்கு இது புதிதே அல்ல.

கேள்வி: 'ஷி இஸ் டீச்சர்' தவறா?

பதில்: தவறு. 'அவர் டீச்சர்' என்பதற்குத் தமிழில் 'ஒரு' தேவையில்லை, ஆங்கிலத்தில் 'ஏ டீச்சர்' என்றே சொல்ல வேண்டும்.

கேள்வி: 'ஆன் அட்வைஸ்' சொல்லலாமா?

பதில்: கூடாது. அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ் எல்லாம் ஆங்கிலத்தில் எண்ண முடியாதவை. 'ஏ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று எழுதுங்கள்.

கேள்வி: ஊர், ஆறு, மலைப் பெயர்களுக்கு?

பதில்: ஆறு, கடல், மலைத்தொடர் மூன்றுக்கும் 'தி' உண்டு: தி காவேரி, தி பே ஆஃப் பெங்கால், தி நீலகிரிஸ். தனிச் சிகரத்துக்கு இல்லை: மவுன்ட் எவரெஸ்ட். இந்தியா, ஸ்ரீலங்கா, சென்னைக்கும் இல்லை. நாட்டின் பெயர் பன்மையில் இருந்தால் வரும்: தி மால்டிவ்ஸ், தி நெதர்லாந்ட்ஸ்.

கேள்வி: 'கோ டு ஸ்கூல்', 'கோ டு தி ஸ்கூல்' இரண்டையும் பார்க்கிறேன். எது சரி?

பதில்: இரண்டும் சரி, போகிறவர் வேறு. படிக்கப் போகும் பிள்ளைக்கு 'தி' வேண்டாம். ஃபீஸ் கட்டப் போகும் அப்பாவுக்கு அது வெறும் கட்டடம், 'தி' வேண்டும்.