கேளுங்கள்: தொண்டு செய்தால் நமக்கு என்ன லாபம்?

கேள்வி: அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. பென்ஷன் வருகிறது, குறை ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் பேப்பர் படித்து முடித்தால் ராத்திரி சீரியல் வரை வேலையே இல்லை. "எங்கேயாவது போய்த் தொண்டு செய்யுங்கப்பா, மனசுக்கும் உடம்புக்கும் நல்லது" என்கிறாள் மகள். மனசு சரி, உடம்புக்குமா?
- வாசகர், சேலம்

பதில்: மகள் சும்மா சொல்லவில்லை சார். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஐம்பது வயது தாண்டியவர்களை நான்கு ஆண்டு இடைவெளியில் பார்த்து 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வருடத்துக்கு 200 மணி நேரமாவது தொண்டு செய்தவர்களுக்குப் புதிதாக பிபி வருவது குறைவாக இருந்தது, அதற்குக் கீழே செய்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. 200 மணி என்றதும் மலைக்காதீர்கள், வாரத்துக்கு நாலு மணி நேரம்கூட வராது. ஆனால் தெம்பாக இருக்கிறவர்கள்தானே முதலில் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள், அதனால் இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். பால்டிமோர் நகரத்தில் இதைக் கொஞ்சம் கறாராகவே சோதித்தார்கள்: அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களைக் குலுக்கல் போலப் பிரித்து, ஒரு பகுதியினரை மட்டும் வாரம் 15 மணி நேரம் ஆரம்பப் பள்ளிகளுக்கு அனுப்பி, பிள்ளைகள் வாசிக்கப் பழகுவதற்கு உதவ வைத்தார்கள். போனவர்களுக்கு நடமாட்டம் கூடியது, டிவி பார்ப்பது குறைந்தது. சீரியலுக்கு மாற்று கேட்டீர்களே!

உங்களுக்கு ஒரு யோசனை. பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடப் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து அனுப்புங்கள், போன் இருந்தால் போதும். பரீட்சையில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதப் போகலாமே என்று தோன்றும், ஆனால் பல தேர்வுகளில் எழுதுகிறவரின் படிப்பு மாணவரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால் பட்டதாரியான பெரியவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாசிப்பதில் அந்தச் சிக்கல் இல்லை. ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள், குக்கர் விசில் அடங்கட்டும், பக்க எண்ணைச் சொல்லி ஆரம்பியுங்கள். அட்டவணை வந்தால் எத்தனை பத்தி, எத்தனை வரிசை என்று முதலில் சொல்லிவிட்டு வரிசை வரிசையாக வாசிக்க வேண்டும், இல்லையென்றால் கேட்கிற பிள்ளைக்குத் தலை சுற்றும். "சார், மூணாவது யூனிட் பாதியிலேயே நிக்குது, நாளைக்கு டெஸ்ட்" என்று அங்கிருந்து ஒரு குரல் வரும் பாருங்கள், அப்புறம் உங்களுக்கு ஏது பகல் தூக்கம்!

கேள்வி: ரத்த தானம் செய்தால் உடம்பு பலவீனமாகிவிடும் என்று அம்மா தடுக்கிறார். உண்மையா?
- கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: இல்லை. 18 வயது முடிந்து, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல் இருந்தால்தான் எடுக்கவே எடுப்பார்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று செலவில்லாமல் தெரிந்துவிடும், நம் பெண்கள் பலருக்கு அதுவே பெரிய உபகாரம். குறைவு என்று திருப்பி அனுப்பினால் நேராக டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து யாருக்காவது கொடுக்கிறேன். கொடுத்த அன்று மனசு லேசாக இருக்கிறது. என் சந்தோஷத்துக்காகக் கொடுப்பது சுயநலம் இல்லையா?
- ஐடி ஊழியர், சென்னை

பதில்: சந்தோஷம் வந்தால் வரட்டுமே, அதற்கு ஏன் வழக்கு? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலையில் சிலரிடம் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, பாதிப் பேரைத் தங்களுக்கும் மீதிப் பேரை அடுத்தவருக்கும் சாயங்காலத்துக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். அடுத்தவருக்குச் செலவழித்தவர்கள்தான் அதிகச் சந்தோஷமாக இருந்தார்கள், 5 டாலரா 20 டாலரா என்பது பொருட்டே இல்லை. 2008-ல் வந்த ஆய்வு இது. அதனால் இஎம்ஐ-யைத் தள்ளிப்போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் 2012-ல் வந்த இன்னொரு ஆய்வு கொஞ்சம் உறுத்தும். வயதானவர்களில் பிறருக்கு உதவ வேண்டும் என்று தொண்டுக்குப் போனவர்களிடையே அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு குறைவு, தனக்கு என்ன கிடைக்கும் என்று போனவர்களிடம் அந்தப் பலனைக் காணோம்.

பிறந்த நாளைக்கு இல்லத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் சிலரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இலையில் சாம்பார் ஆறிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், இவர்கள் கேக் வெட்டி போட்டோ எடுத்து முடித்தால்தான் முதல் வாய். நீங்கள் அந்த ரகம் இல்லையென்றால் கவலையை விடுங்கள்.

கேள்வி: குடியிருப்புச் சங்கம், கோயில் அன்னதானம், பள்ளி ஆண்டு விழா, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மறுக்க முடியவில்லை. அலுப்பும் எரிச்சலும்தான் மிச்சம். தொண்டு செய்தால் நிம்மதி வரும் என்கிறார்களே, எனக்கு ஏன் வரவில்லை?
- இல்லத்தரசி, திருச்சி

பதில்: வராது அம்மா. மறுக்க முடியாமல் செய்தால் அது தொண்டு இல்லை, சம்பளம் இல்லாத வேலை. மூன்றில் எதற்குப் போகும்போது கால் தானாகக் கிளம்புகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் இந்த மாதமே விட்டுவிடுங்கள். காரணம் சொல்லாதீர்கள், சொன்னால் அதற்கு ஒரு மாற்று ஏற்பாடு செய்துகொண்டு திரும்ப வருவார்கள். "இந்த வருஷம் எனக்குத் தோதுப்படாது" என்றால் போதும். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், மூன்றாம் நாள் வேறு ஆள் பிடித்திருப்பார்கள்.