அப்பாவின் மாருதி 800: என்ஜினை வீட்டிலேயே பிரிக்கலாமா?

கேள்வி: அப்பா 1999-இல் வாங்கிய மாருதி 800, கார்புரேட்டர் மாடல், என்னிடம் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் நீலப் புகை வருகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. என்ஜின் வேலை செய்தே ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். தினமும் ஓட்டும் வண்டி இல்லை, அவசரமும் இல்லை. பைக்கில் ஆயில் மாற்றியதைத் தாண்டி எனக்கு அனுபவம் கிடையாது. போர்ட்டிகோவில் வைத்து நானே செய்ய முடியுமா?

பதில்: முடியும். அவசரம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் தயங்காமல் சொல்கிறேன். திங்கட்கிழமை ஆபீஸுக்கு அந்தக் காரில்தான் போயாக வேண்டும் என்றால் வேண்டாம் என்றிருப்பேன். பழகுவதற்கு இதைவிட எளிய கார் என்ஜின் கிடைப்பதும் அரிது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஒரே கேம் ஷாஃப்ட், ஆறே வால்வுகள். தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டாலும், ஓடும் வண்டிகள் ஏராளம் என்பதால் உதிரி பாகங்களுக்கு இன்னும் பஞ்சமில்லை.

ஆனால் ஸ்பானரை எடுக்குமுன், என்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அவ்வளவுதான். எந்த வழியாக உள்ளே போகிறது என்பதைப் புகை சொல்லாது, புகை வரும் நேரம் ஓரளவு சொல்லும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை வந்து நின்றுவிடுகிறதா? ஏற்காடு மாதிரி மலைப்பாதையில் கியரிலேயே இறங்கி வந்து, கீழே ஆக்சிலரேட்டரை மிதித்ததும் குப்பென்று வருகிறதா? அப்படியானால் வால்வு சீல் மீது சந்தேகம். ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் வால்வு உள்ள பாகத்தை, மட்டும் கழற்றினால் போதும். மேடு ஏறும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் பக்கம்.

கம்ப்ரஷன் கேஜ் ஒன்று வாங்கியோ இரவல் வாங்கியோ இதை உறுதி செய்யலாம். என்ஜின் சூடாக இருக்கும்போது மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். இக்னிஷன் காயில் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒருவர் செல்ஃப் அடிக்க, ஒவ்வொரு சிலிண்டராக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் இடையே ஒரு கிலோவுக்கு (கேஜில் kg/cm²) மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு இருக்கிறது. பிறகு பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன, ஆயில் அந்த இடுக்கைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இந்த அரை மணி நேர வேலையைச் செய்யாமல் என்ஜினை இறக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, ரிங்தான் என்று தெரிந்துவிட்டது. இறக்குவதில் பெரிய வித்தை இல்லை. பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் குழாயை அடைத்து, கூலன்ட்டையும் ஆயிலையும் வடித்து, கியர்பாக்ஸோடு சேர்த்து மேலே தூக்க வேண்டும். இரண்டு பேர் கழி கொடுத்துத் தூக்குவதைப் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். போர்ட்டிகோ கூரைக் கொக்கியில் செயின் பிளாக் மாட்டும் யோசனையும் வேண்டாம், அது மின்விசிறிக்குப் போட்ட கொக்கி. சக்கரம் வைத்த என்ஜின் கிரேனை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். வடித்த கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாய் பூனைக்கு விஷம். திறந்த பேசினில் இரவெல்லாம் விட்டுவைக்காதீர்கள்.

கழற்றும்போது எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். வயர், ஹோஸ் ஒவ்வொன்றிலும் பேப்பர் டேப் ஒட்டி எண் போடுங்கள். நட்டு போல்ட்டுகளை இட்லித் தட்டில் குழிக்கு ஒரு வகையாகப் போட்டு வைக்கலாம் (பழைய தட்டு, வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்).

ஒரு விஷயத்தில் மட்டும் படத்தை நம்ப வேண்டாம். பிஸ்டனைக் கிராங்கோடு (அடியில் சுழலும் தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமூடி, அதாவது கேப், அந்தந்த ராடோடு சேர்த்தே துளை கடையப்பட்டது. முதல் ராடின் கேப்பை இரண்டாவதில் மாட்டினால் போல்ட் ஏறும், பார்வைக்குச் சரியாக இருக்கும், ஆனால் துளை வட்டமாக இருக்காது. நான் முதன்முதலில் பிரித்த என்ஜினில் எல்லா கேப்பையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டேன். மாட்டி ஓட்டி இருநூறு கிலோமீட்டரில் அடியிலிருந்து டக் டக் என்று சத்தம், மறுபடி இறக்கினேன். அதனால் கழற்றுமுன் ராடிலும் கேப்பிலும் பக்கவாட்டில் 1, 2, 3 என்று பெயின்ட்டில் குறியிடுங்கள். கேப் எந்தத் திசை பார்த்திருந்தது என்பதையும் சேர்த்து. கிராங்கைத் தாங்கும் மெயின் கேப்புகளுக்கும் இதே கதைதான்.

இனிதான் உண்மையான வேலை. கழற்றுவதும் மாட்டுவதும் யாருக்கும் வரும். அளப்பதில்தான் என்ஜின் பிழைக்கிறது அல்லது போகிறது. சிலிண்டர் தேய்வதும் ஒரே சீராக இருக்காது. பிஸ்டன் திரும்பும் மேல்முனையில் வெப்பமும் அழுத்தமும் அதிகம், ஆயில் குறைவு, அதனால் மேலே அதிகமும் கீழே குறைவுமாகத் தேய்ந்து லேசான புனல் போலாகும். கைக்குத் தெரியாது, சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜுக்குத் தெரியும். அதை நீங்கள் வாங்க வேண்டியதில்லை. பிளாக் (சிலிண்டர்கள் உள்ள உடல் பகுதி), கிராங்க், ஹெட் மூன்றையும் கழுவி, என்ஜின் வேலை பார்க்கும் லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். சிலிண்டர் போர் போடுவது (துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைவது), கிராங்க் கிரைண்டிங், ஹெட்டை ஃபேஸ் அடிப்பது, வால்வு சீட் வெட்டுவது ஆகியவை அங்கேதான் நடக்க வேண்டும். வீட்டில் செய்யலாம் என்று யாராவது வீடியோ காட்டினால் ரசித்துவிட்டு மூடிவிடுங்கள்.

பட்டறையில் வரிசை முக்கியம். முதலில் அளந்து, எந்த ஓவர்சைஸ் தேவை, அதாவது பிஸ்டன் அசல் அளவைவிட எவ்வளவு பெரிதாக வேண்டும், 0.25 மி.மீ.-ஆ 0.50-ஆ என்று கேளுங்கள். பிறகு அந்த அளவு பிஸ்டன், ரிங் செட்டை வாங்கிக் கையில் கொடுங்கள். அதன் பிறகே போர் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்கேற்பச் சிலிண்டரைக் கடைவார்கள். கிராங்கும் அப்படியே: எவ்வளவு கிரைண்ட் செய்தார்களோ அந்த அண்டர்சைஸ் பேரிங்தான் வாங்க வேண்டும்.

பிளாக் திரும்பி வந்ததும் நேரே மாட்டத் தோன்றும். பொறுங்கள். ஹோனிங் செய்த (போர் போட்டபின் சாணைக்கல்லால் தேய்த்த) சிலிண்டர் சுவரில் கண்ணுக்குத் தெரியாத சாணைத்தூள் ஒட்டியிருக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெயில் அது போகாது. வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் பிரஷ்ஷும்தான் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்கும்வரை கழுவுங்கள். ஈரம் போனதும் உடனே ஆயில் தடவுங்கள், வார்ப்பிரும்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே துரு பிடிக்கும். பிளாக்கிலும் கிராங்கிலும் உள்ள ஆயில் துளைகளுக்குள்ளும் பிரஷ் விட்டுக் காற்றடியுங்கள். புது பேரிங்கைக் கீறிக் கெடுப்பது பெரும்பாலும் இந்தத் தூள்தான்.

மாட்டும்போது உங்களுக்குத் தேவையான அளவுக் கருவிகள் மூன்றே. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் ஸ்பானர்), பிளாஸ்டிகேஜ். ரிங்கைப் பிஸ்டனில் போடுமுன் வெறுமனே சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, இரு முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை ஃபீலரால் பாருங்கள். இந்த அளவுச் சிலிண்டருக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. இருந்தால் சரி. இடைவெளியே இல்லாமல் இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். ரிங்கில் எழுத்து இருக்கும் பக்கம் மேலே. ரிங்குகளின் வாய்கள் ஒரே கோட்டில் வரக் கூடாது. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி டைமிங் பெல்ட் பக்கம் பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிகேஜ் என்பது மெழுகு நூல் மாதிரி. கிராங்கின் மேல் ஒரு துண்டு வைத்து, கேப்பை உரிய டார்க்கில் இறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் கழற்றினால் நூல் நசுங்கியிருக்கும். அதன் அகலத்தை உறையில் அச்சிட்ட அளவோடு ஒப்பிட்டால் பேரிங் இடைவெளி தெரியும். அதையும் டார்க் அளவுகளையும் ஒர்க்‌ஷாப் மேனுவலோடு சரிபாருங்கள். என் நினைவையோ மெக்கானிக்கின் கைப்பழக்கத்தையோ நம்ப வேண்டாம். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையாக இறுக்குங்கள். கழற்றும்போது இதற்கு நேர் எதிர். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், ஆயில் சீல்கள் எல்லாம் புதிதாகவே போடுங்கள். கிராங்க், கேம் புல்லிகளில் உள்ள டைமிங் குறிகளைச் சேர்த்து பெல்ட் மாட்டிய பின் கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி, குறிகள் மறுபடி சேர்கின்றனவா என்று பாருங்கள். எங்காவது இடித்தால் தள்ளாதீர்கள், நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

பிளாக்கில் விரிசல் என்று லேத்தில் சொல்லிவிட்டால் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய பிளாக் கிடைக்கும். ஆனால் என்ஜின் நம்பர் பிளாக்கில்தான் இருக்கிறது. அது மாறினால் ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யில் மாற்ற வேண்டும். பில்லும் பழைய வண்டியின் காகிதங்களும் தராதவரிடம் வாங்காதீர்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றி வைத்து, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃப் அடியுங்கள். அப்போதுதான் ஆயில் எல்லா பேரிங்குக்கும் போயிருக்கும். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சர் பக்கம் புகை எழும்பும். மாட்டும்போது கையிலிருந்து பட்ட ஆயில் எரிகிறது, பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். மணிக்கணக்கில் ஐடிலில் விடாமல், கசிவு இல்லை என்று பார்த்ததும் ரோட்டுக்கு எடுத்துப் போங்கள். வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் சிலிண்டரோடு ஒட்டும். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலை வெயிலில் பிடித்தால் லேசாக மினுமினுக்கும், முதல் தடவை அது சகஜம். நகத்தில் தட்டுப்படும் அளவு துணுக்கு இருந்தால் ஓட்டாதீர்கள், என்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியை (ஆயில் பேன்) கழற்றிப் பாருங்கள்.