எஃப்-150 வண்டியில் எல்டி டயர்: 35-உம் வேண்டாம், 80-உம் வேண்டாம்

வணக்கம். உங்கள் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் வண்டியோடு வந்த பி275/65ஆர்18 டயர்களைக் (முதலிலுள்ள 'பி' பயணிகள் கார் வகையைக் குறிக்கும்) கழற்றிவிட்டு, அதே அளவில் 'ஈ' சுமை வகை எல்டி டயர்களை, அதாவது இலகு டிரக்குகளுக்கான தடித்த டயர்களைப் போட்டிருக்கிறீர்கள்; கதவுச் சட்டத்து ஒட்டுவில்லை காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்கிறது, டயரின் பக்கவாட்டிலோ 80 என்று இருக்கிறது, எதைப் பின்பற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே உங்களுக்கு உரிய எண் அல்ல. 80 என்பது அந்த டயர் தன் உச்சச் சுமையைத் தாங்குவதற்கு வேண்டிய அழுத்தம். வெற்று வண்டியில் அதை வைத்தால் டயரின் நடுப்பகுதி விரைவில் தேயும், உங்கள் முதுகும் நோகும்.

35-இல் எல்டி டயர் பழைய டயரின் சுமையைத் தாங்காது. பழைய டயரின் சுமைக் குறியெண் 116, அதாவது ஒரு டயர் தாங்கக்கூடிய உச்சச் சுமை 1250 கிலோ. பி வகை டயரைப் பிக்கப்பில் பொருத்தும்போது அதை 1.1-ஆல் வகுக்க வேண்டும் என்பதால் 1136 கிலோ கிடைக்கிறது. எல்டி டயர் அந்த அளவை எட்டுவது ஏறத்தாழ 50 பிஎஸ்ஐயில்தான். ஆகவே அதையே வையுங்கள். வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளவிடுங்கள். இழுவண்டி மாட்டும் நாள்களில் மட்டும், டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையைப் பார்த்துப் பின் டயர்களுக்குக் கூட்டிக்கொள்ளுங்கள்.