கோயா விருதும் முதல் பட இயக்குநர்களும் – கடிதம்

வணக்கம் சார்,

நீங்கள் அவ்வப்போது ஸ்பானிஷ் படங்களைப் பற்றி எழுதுவதைப் படித்துவிட்டு அந்தப் பக்கம் வந்தவன் நான். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், ஸ்பெயினின் கோயா விருதில் சிறந்த இயக்குநர் விருது வாங்கியவர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்துவருகிறேன். சில படங்கள் பிரமாதம். சில படங்கள் நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள், ஆனால் மறுநாள் ஒன்றுமே மனதில் நிற்கவில்லை. இதற்கிடையில் தற்செயலாகக் கார்லா சிமோனின் 'அல்கர்ராஸ்' பார்த்தேன். கொஞ்ச நாளைக்கு வேறு படம் பார்க்கவே தோன்றவில்லை. தேடிப்பார்த்தால், பெர்லின் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கக் கரடியை வாங்கிய அந்தப் படம் சொந்த நாட்டில் 11 பரிந்துரைகள் பெற்றும் ஒரு கோயாகூட வாங்கவில்லையாம். அங்கேயும் லாபிதானா? எந்த விருதை நம்பி ஒரு இயக்குநரைத் தேடிப் போவது? போர்த்துகீசிய மொழியில் இப்படி ஏதாவது விருது உண்டா?

எஸ்.ஆர்.,
கோவை

அன்புள்ள எஸ்.ஆர்.,

லாபி இல்லாத ஊர் ஏது? ஆனால் 'அல்கர்ராஸ்' வெறுங்கையோடு திரும்பியதைப் புரிந்துகொள்ள லாபி வரைக்கும் போக வேண்டியதில்லை. 2023 பிப்ரவரியில் செவில்லியில் நடந்த அந்த விழாவில் எதிரே நின்ற படம் ரோட்ரிகோ சொரொகோயெனின் 'ஆஸ் பெஸ்தாஸ்'. சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட 9 கோயாக்களை அதுதான் அள்ளியது. உங்கள் பட்டியலில் இருப்பதால் எப்படியும் பார்த்திருப்பீர்கள், இல்லையென்றால் சீக்கிரம் பார்க்கப் போகிறீர்கள்.

வேடிக்கை என்னவென்றால் இரண்டு படத்துக்கும் பிரச்சினை ஒன்றுதான். ஒன்றில் கத்தலோனியாவின் பீச் தோட்டத்தைப் பிடுங்கிவிட்டுச் சூரியத் தகடுகளை நடப் போகிறார்கள். இன்னொன்றில் கலீசியாவின் மலைக்கிராமத்தில் காற்றாலைக் கம்பெனி வந்து பணம் தருகிறேன் என்கிறது, வந்தேறியான பிரெஞ்சுக்காரன் கையெழுத்துப் போட மறுக்கிறான். ஆனால் இரண்டு பேரும் படத்தைத் தொடங்கும் விதத்தைப் பாருங்கள். சொரொகோயென் முதல் காட்சியிலேயே காட்டுக்குதிரை ஒன்றை ஆட்கள் வெறுங்கையால் கட்டிப்பிடித்து அமுக்குவதை மிக மெதுவான ஓட்டத்தில் காட்டுகிறார், குதிரையின் கழுத்து வளைவதும் அவர்கள் முகம் அதன் பிடரியில் அழுந்துவதும் தெரிகிறது, படத்தில் பின்னால் ஒரு கொலை வரப்போகிறது என்று நமக்கு அப்போதே வயிற்றில் தெரிந்துவிடுகிறது. கார்லா சிமோன் படத்தில் மூன்று குழந்தைகள் ஒரு ஓட்டைக் காருக்குள் உட்கார்ந்து விண்கலம் ஓட்டி விளையாடுகின்றன. ஒரு கிரேன் வந்து அந்தக் காரைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. அவ்வளவுதான். நிலம் கைவிட்டுப் போகப்போகிறது என்பதை அதற்கு மேல் யாரும் உங்களுக்கு விளக்குவதில்லை.

இப்போது யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்று யோசியுங்கள். கான், பெர்லின் திரைப்பட விழாக்கள் மாதிரி ஏழெட்டுப் பேர் ஒரு அறையில் உட்கார்ந்து சண்டை போட்டு முடிவெடுக்கும் ஜூரி முறை இல்லை கோயாவில். ஸ்பானிய அகாதமியின் உறுப்பினர்கள், அதாவது நடிகர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒப்பனைக்காரர், தயாரிப்பு நிர்வாகி என்று தொழிலில் இருக்கிற எல்லோரும் ஓட்டுப் போடுகிறார்கள். தொழில்காரன் கண்ணுக்கு எது முதலில் படும்? கஷ்டப்பட்டு எடுத்தது தெரிகிற காட்சி, தேர்ந்த நடிகர்களின் மோதல், திட்டமிட்டுக் கட்டிய பதற்றம். 'ஆஸ் பெஸ்தா'ஸில் அதெல்லாம் குறைவில்லாமல் இருக்கிறது, நல்ல படம்தான், நான் குறை சொல்ல வரவில்லை. 'அல்கர்ரா'ஸில் நடித்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பகுதியின் உண்மையான விவசாயக் குடும்பத்து ஆட்கள். அவர்களை ஒரே குடும்பம் என்று நம்மை நம்பவைத்ததுதான் அந்த இயக்குநரின் வேலை. அது எவ்வளவுக்கு நன்றாக நடந்திருக்கிறதோ அவ்வளவுக்கு வேலை நடந்ததே தெரியாது. 'சும்மா கேமராவை வைத்து எடுத்திருக்கிறார்' என்று தோன்றும்.

சரி, எந்த விருதை நம்புவது என்ற கேள்விக்கு வருகிறேன். கோயாவைக் கைவிட வேண்டாம், பட்டியலை மட்டும் மாற்றுங்கள். சிறந்த இயக்குநர் வரிசையை மூடி வைத்துவிட்டு 'சிறந்த புதிய இயக்குநர்' வரிசையை எடுங்கள். 1990இல்தான் அதைக் கொடுக்கத் தொடங்கினார்கள், முதலில் வாங்கியவர் ஆனா தியஸ்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அலெகாந்த்ரோ அமெனாபார் 1997இல் புதிய இயக்குநர் விருது வாங்கினார், சிறந்த இயக்குநர் விருது 2002இல். ஃபெர்னாந்தோ லெயோன் தெ அரனோவா 1998, பிறகு 2003. பயோனா 2008, பிறகு 2013. மூன்று பேருக்கும் சரியாக ஐந்து வருட இடைவெளி. இது விதியொன்றும் இல்லை, தற்செயல்தான். ஆனால் ஐந்து வருடம் கழித்து எல்லோரும் கொண்டாடப்போகிற ஆளை அந்தச் சின்ன விருது முன்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பது மட்டும் நிஜம். பெரிய விருது பெரும்பாலும் ஊர்த் திருவிழாவில் பரிவட்டம் கட்டுகிற மாதிரி. முறை வந்தவருக்கு, செல்வாக்கு வந்தவருக்கு, அந்த வருடம் பெரிதாகச் செலவு செய்தவருக்கு. முதல் படக்காரரை யாருக்கும் தெரியாது, அவருக்கு யாரும் பட்டிருக்கிற கடன் கிடையாது. அதனால் படத்தைப் பார்த்து மட்டுமே ஓட்டுப் போட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று உண்டு, எனக்கு இதில் கொஞ்சம் கோபமும் உண்டு. 2018 முதல் 2024 வரை தொடர்ந்து ஏழு வருடம் புதிய இயக்குநர் கோயாவை வாங்கிய அத்தனை பேரும் பெண்கள். கார்லா சிமோன், அரான்ச்சா எச்செவர்ரியா, பெலென் ஃபுனெஸ், பிலார் பலோமெரோ, கிளாரா ரோகெட், அலாவுதா ருயிஸ் தெ அசுவா, எஸ்திபாலிஸ் உர்ரெசோலா. அதே ஏழு வருடத்தில் சிறந்த இயக்குநர் வாங்கிய பெண் ஒரே ஒருவர், 2018இல் இசபெல் கோயிஷெத். மற்ற ஆறும் சொரொகோயென் (இரண்டு முறை), அல்மோதோவார், சால்வதோர் கால்வோ, லெயோன் தெ அரனோவா, பயோனா. 1987 முதல் 2024 வரை மொத்த வரலாற்றையும் எடுத்தாலும் சிறந்த இயக்குநர் வாங்கிய பெண்கள் மூன்றே பேர்: பிலார் மிரோ, இசியார் பொயாயின், கோயிஷெத். கோயிஷெத் மட்டும் இரண்டு முறை. ஒரு தலைமுறையே உள்ளே வந்துவிட்டது, வாசலில் மாலை போடுகிறார்கள், மேடைக்குப் போகிற படிக்கட்டில்தான் நெரிசல். முதல் படத்தைச் சின்னப் பணத்தில் எடுத்துவிடலாம், மூன்றாவது நான்காவது படத்துக்குப் பெரிய பணம் யார் கையில் கொடுக்கப்படுகிறது என்பதும் இதில் இருக்கிறது. 2024இல் பயோனாவின் 'லா சொசியெதாத் தெ லா நியெவெ' 12 கோயா வாங்கியது. ஆண்டீஸ் மலைப் பனியில் நொறுங்கிய விமானம், நெட்ஃபிளிக்ஸ் பணம். அந்த அளவில் படமெடுக்கப் பணம் கிடைத்த ஸ்பானியப் பெண் இயக்குநர்களை விரல்விட்டு எண்ணலாம்.

1997 விழாவைத் தனியாகச் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த வருடம் அது. சிறந்த படமும் புதிய இயக்குநர் விருதும் அமெனாபாரின் 'தெசிஸ்'. 24 வயதுப் பையன், தான் படித்த பல்கலைக்கழகத்திலேயே எடுத்த த்ரில்லர். அதே மேடையில் சிறந்த இயக்குநர் பிலார் மிரோ, 17ஆம் நூற்றாண்டில் லோபெ தெ வேகா எழுதிய நாடகத்தை வசனம் முழுக்கச் செய்யுளாகவே வைத்து எடுத்த படத்துக்காக. செய்யுளில் பேசுகிற படத்தை இந்தக் காலத்தில் எவன் பார்ப்பான் என்ற கேள்வியைத் தாண்டித்தான் அந்தப் படம் வந்தது. மிரோ வெறும் இயக்குநர் மட்டும் இல்லை, எண்பதுகளின் தொடக்கத்தில் அரசின் சினிமாத் துறைக்குத் தலைமை வகித்து, படங்களுக்கு முன்பணமாக மானியம் தரும் முறையைக் கொண்டுவந்தவர். 'மிரோ சட்டம்' என்றே அதற்குப் பெயர். அதைத் திட்டியவர்களும் நிறைய. அந்த விருது வாங்கிய அதே வருடம் அக்டோபரில் காலமானார்.

அப்புறம், அகாதமி சொதப்புவதும் புதிதில்லை. 2003இல் அல்மோதோவாரின் 'ஆப்லே கோன் எய்யா' கோயாவில் இசைக்கு மட்டும் ஒரு விருது வாங்கியது. ஸ்பெயின் ஆஸ்கருக்கும் அதை அனுப்பவில்லை, லெயோன் தெ அரனோவாவின் படத்தை அனுப்பியது. அல்மோதோவார் தனியாகப் போய்ச் சிறந்த இயக்குநருக்குப் பரிந்துரைக்கப்பட்டு, திரைக்கதைக்கு ஆஸ்கரும் வாங்கி வந்தார். கொஞ்ச காலத்தில் அகாதமியிலிருந்தே விலகினார், பிறகு சமாதானமாகித் திரும்பினார்.

மெக்சிகோவின் ஏரியல் விருது இன்னும் பழையது, 1947 முதல் (நடுவே பல வருடம் நின்றுபோய் 1972இல் மறுபடி வந்தது). புனுவெலின் 'லோஸ் ஓல்விதாதோஸ்' 1950 கடைசியில் அங்கே வெளியானபோது, சேரிப் பையன்களைக் காட்டி நாட்டை அசிங்கப்படுத்திவிட்டான் என்று கூச்சல் கிளம்பிச் சில நாட்களிலேயே தூக்கிவிட்டார்கள். 1951இல் கானில் சிறந்த இயக்குநர் என்றானதும் படம் திரும்பத் திரைக்கு வந்தது, அதே வருடம் ஏரியலும் கொடுத்தார்கள். வெளியே பாராட்டு வந்த பிறகு உள்ளே மாலை. 2017இல் தாத்தியானா ஊவேசோ 'தெம்பெஸ்தாத்' என்ற ஆவணப்படத்துக்காகச் சிறந்த இயக்குநர் ஏரியல் வாங்கினார். அந்த விருதை வாங்கிய முதல் பெண். எழுபது வருடம் ஆகியிருக்கிறது! 2022 கடைசியில் மெக்சிகோ அகாதமி கையில் பணமில்லை, அடுத்த ஏரியலை நிறுத்திவைக்கிறோம் என்று அறிவித்தபோது, சிலைகளுக்கான செலவை நான் தருகிறேன் என்று கியேர்மோ தெல் தோரோ முன்வந்தார். விழா எப்படியோ நடந்தது. ஸ்பானிஷ், போர்த்துகீசியம் இரண்டு மொழிகளுக்கும் சேர்த்து 2014இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் விருதுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, ஐந்து வருடத்தில் மூடிவிட்டார்கள்.

ஸ்பானிஷ், போர்த்துகீசியம் இரண்டையும் சேர்த்து இப்போது இருக்கும் பெரிய விருது பிளாத்தினோ. அதுவும் 2014இல் பனாமாவில் தொடங்கியது. அதன் சிறந்த இயக்குநர் பட்டியலை நீங்கள் தேட வேண்டியதே இல்லை, ஏற்கனவே தெரிந்த பெயர்கள்தான்: ஸிஃப்ரோன், சிரோ கெர்ரா, லெலியோ, குவாரோன், 2025இல் வால்தெர் சாலெஸ். லெலியோவுக்கும் குவாரோனுக்கும் ஆஸ்கர் வந்த பிறகு பிளாத்தினோ வந்தது, எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு எழுந்து நின்று தட்டுவது. ஆனால் அங்கேயும் முதல் படத்துக்கு ஒரு விருது இருக்கிறது. 2016இல் அதை வாங்கியது 'இஷ்கனூல்', குவாத்தமாலா, எரிமலை அடிவாரத்தில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் மாயா குடும்பம், பேசுவது பெரும்பாலும் கக்சிக்கெல் மொழி. ஹயிரோ பூஸ்தமாந்தே பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போர்த்துகீசியத்தில் பிரேசில் வேறு, போர்ச்சுகல் வேறு. போர்ச்சுகலின் சோஃபியா விருது இளசு, கவிஞர் சோஃபியா தெ மெல்லோ பிரெய்னர் பெயரில். ஆனால் அந்த நாட்டு இயக்குநர்களைப் பேர் சொல்லவைத்தவை வெளிநாட்டு விழாக்கள்தான். பெத்ரோ கோஸ்தாவுக்கு 2019 லொகார்னோ, மிகெல் கோமெஸுக்கு 2024இல் கானில் சிறந்த இயக்குநர் விருது ('கிராண்ட் டூர்', ரங்கூனில் கதை தொடங்குகிறது, வரப்போகும் மணப்பெண்ணுக்குப் பயந்து ஆசியா முழுக்க ஓடும் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி, பாருங்கள், சிரிப்பீர்கள்). பிரேசிலில் அகாதமி விருது இருக்கிறது, நடிகர் கிராண்டே ஒதெலோ பெயரில், 1973இல் தொடங்கிய கிராமாதோ திரைப்பட விழாவின் கிகிதோ விருது இருக்கிறது. ஆனால் பெரிய சண்டை நடந்தது ஆஸ்கருக்கு யாரை அனுப்புவது என்பதில். 2016இல் இயக்குநர் கிளெபர் மென்தோன்சா ஃபில்யோவும் அவருடைய 'அக்வாரியஸ்' படக் குழுவினரும் கான் சிவப்புக் கம்பளத்தில் பிரேசிலில் நடப்பது ஆட்சிக்கவிழ்ப்பு என்று தாள்களைத் தூக்கிப் பிடித்தார்கள். தேர்வுக் குழுவில் அவரைப் பகிரங்கமாகத் தாக்கிய விமர்சகர் ஒருவர் உட்கார்ந்தார், கோபத்தில் வேறு சில இயக்குநர்கள் தங்கள் படங்களைப் போட்டியிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள், கடைசியில் போனது வேறு படம். அதே மென்தோன்சா 2025இல் கானில் சிறந்த இயக்குநர்.

அந்த வருடம் பிரேசிலுக்கு நல்ல வருடம். சாலெஸின் 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்' பிப்ரவரியில் கோயாவின் இபெரோ-அமெரிக்கப் (லத்தீன் அமெரிக்கா, போர்ச்சுகல்) பட விருது, மார்ச்சில் ஆஸ்கர், ஏப்ரலில் பிளாத்தினோ. கணவனை ராணுவம் கூட்டிப் போய்விட்டது, பத்திரிகைப் புகைப்படக்காரர் சோகமாக நில்லுங்கள் என்கிறார், அந்த அம்மா பிள்ளைகளிடம் சிரியுங்கள் என்கிறார். இந்த ஒரு காட்சிக்கே எந்த விருதும் தகும்.

உங்களுக்கு உடனடியாக மூன்று படம் சொல்கிறேன். முதலில் கார்லா சிமோனின் 'எஸ்தியூ 1993', 2018இல் புதிய இயக்குநர் கோயா வாங்கியது, தாயை இழந்த சிறுமி மாமா வீட்டுக்குப் போவது, அவர் சொந்தக் கதையை ஒட்டியது. அடுத்து உர்ரெசோலாவின் '20,000 எஸ்பெசியெஸ் தெ அபெஹாஸ்'. மூன்றாவது அந்தப் புதிய இயக்குநர் பட்டியலில் வராது: ஹாயோனெ காம்போர்தாவின் 'ஓ கோர்னோ', 2023 சான் செபாஸ்தியான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கச் சிப்பி, அதை வென்ற முதல் ஸ்பானியப் பெண் இயக்குநர் அவர். மருத்துவச்சி வேலை பார்க்கும் ஒரு பெண் கலீசியாவிலிருந்து கடத்தல் பாதை வழியாகப் போர்ச்சுகலுக்குத் தப்பி ஓடுகிற கதை. தொடக்கத்திலேயே நீண்ட பிரசவக் காட்சி ஒன்று இருக்கிறது, சாப்பிட்டுக்கொண்டே பார்க்க உட்காராதீர்கள்.