நவம்பர் வழிபாட்டில் இறந்தோர் நினைவு ஏன்?

இலையுதிர் காலமே இல்லாத நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நவம்பர் திருப்பலிகள் இறப்பையும் இறுதிக்காலத்தையும் ஏன் பேசுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். ரப்பர் மரம் இங்கே இலை உதிர்ப்பது பிப்ரவரி வாக்கில்தான். ஆனால் கத்தோலிக்கத் திருவழிபாட்டு ஆண்டு, அதாவது திருச்சபை வழிபாடுகளின் ஆண்டுச் சுற்று, நம் பருவத்தைப் பார்த்து நடப்பதன்று, அது நவம்பர் இறுதி வாக்கில் முடிவதால் திருப்பலியின் விவிலிய வாசகங்களும் முடிவை நோக்கியே செல்கின்றன. நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழா. 2 இறந்தோர் நினைவுநாள். தோட்டத்துக் கல்லறையில் மழைக்குத் தழைத்த லாலான் புல்லை வெட்டி, சிலுவைக்குச் சுண்ணாம்பு பூசி, மெழுகுவத்தி ஏற்றிக் குடும்பமாகச் செபிப்பதே, என் பார்வையில், அம்மாதத்தின் ஆழ்ந்த தியானம். தோட்டத்தை விட்டு நகரங்களுக்குப் போய்விட்ட பிள்ளைகள் பலர் ஊர் திரும்பும் நாளும் அதுவே. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1925-இல் ஏற்படுத்திய கிறிஸ்து அரசர் பெருவிழா இந்த வழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறாக அமைய, அதற்கடுத்த ஞாயிறு, கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்துடன் புதிய ஆண்டு தொடங்குகிறது.